முதல் நாள் அரண்மனையில் பதக்கம். மறுநாள் கடலில் மரணம்!
6 ஓட்டை விமானங்களோடு ஜெர்மன் போர்க்கப்பல்களை எதிர்த்த விமானி

1942-ம் வருஷம் பிப்ரவரி 11-ந் தேதி. லண்டன் பக்கிங்காம் அரண்மனை. கடற்படை விமானி ஒருவர் விறைப்பாக நின்று பதக்கம் வாங்கிக்கொண்டார். பெயர் யூஜின் எஸ்மாண்ட். வயது 32.

மறுநாள் மத்தியானம் அவர் உயிரோடு இல்லை.

இந்த 24 மணி நேரத்தில் என்ன நடந்தது?

பாதிரியார் ஆக வேண்டியவர்

எஸ்மாண்ட் பிறந்தது இங்கிலாந்தில். குடும்பம் அயர்லாந்துக் குடும்பம். தந்தை டாக்டர். பையன் பாதிரியாராவதற்குப் படிக்கப் போனார். அது சரிப்படவில்லை. படிப்பை விட்டுவிட்டு, 1928-ல் விமானப்படையில் சேர்ந்துவிட்டார்.

பிறகு "இம்பீரியல் ஏர்வேஸ்" கம்பெனியில் பைலட் வேலை. தபால் மூட்டையும் பயணிகளுமாகக் கண்டம் விட்டுக் கண்டம் பறந்தார். நல்ல சம்பளம். யுத்தம் நெருங்கியபோது கடற்படை கூப்பிட்டது. கம்பெனி வேலையை உதறிவிட்டு 1939-ல் போய்ச் சேர்ந்தார்.

அவரை முதலில் நியமித்த "கரேஜியஸ்" என்ற விமானம் தாங்கிக் கப்பலை, யுத்தம் தொடங்கிய அதே செப்டம்பரில் ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. 500 பேருக்கு மேல் மாண்டார்கள். எஸ்மாண்ட் தப்பினார்.

பறக்கும் துணிப்பை!

அவர் ஓட்டிய விமானத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயர் "ஸ்வார்ட்ஃபிஷ்". மேலும் கீழுமாக இரட்டை இறக்கை. உடம்பெல்லாம் துணி போர்த்தியது. மேலே கூரை கிடையாது. மழையும் பனியும் முகத்தில் அடிக்கும். விமானி, வழிகாட்டி, பின்னால் துப்பாக்கியோடு ஒரு வயர்லெஸ்காரர் என்று மூன்று பேர்.

வயிற்றுக்கு அடியில் முக்கால் டன் எடையுள்ள டார்பிடோ. தண்ணீருக்குள் பாய்ந்து போய் கப்பலின் அடிவயிற்றைக் கிழிக்கும் குண்டு. இதைச் சுமந்துகொண்டு மணிக்கு 150 கிலோமீட்டர் போனாலே பெரிய காரியம். வேகமான ரயிலோடு போட்டி போடலாம், அவ்வளவுதான்! எதை வேண்டுமானாலும் அடைக்கலாம் என்பதால் கடைக்குக் கொண்டுபோகும் பை என்று சிப்பாய்கள் கேலிப் பெயர் வைத்திருந்தார்கள்.

டார்பிடோ போடுவது லேசுப்பட்ட வேலை இல்லை. தண்ணீரைத் தொடுகிற மாதிரி தாழ வர வேண்டும். கோணம் மாறாமல் நேராக வர வேண்டும். அத்தனை நேரமும் கப்பல் பீரங்கிகள் முழுவதும் இவரையே குறி பார்க்கும். வளைந்து நெளிந்து தப்பலாம் என்றால் குறி தவறிவிடும்.

பிஸ்மார்க் வேட்டை

1941 மே 24-ந் தேதி ஜெர்மனியின் "பிஸ்மார்க்", பிரிட்டனின் பெருமையான "ஹூட்" கப்பலை நொடியில் மூழ்கடித்தது. 1,400 பேருக்கு மேல் கப்பலோடு போனார்கள். பிழைத்தவர்கள் மூன்றே பேர்!

அன்று இரவே "விக்டோரியஸ்" கப்பலிலிருந்து 9 ஸ்வார்ட்ஃபிஷ்கள் கிளம்பின. தலைமை எஸ்மாண்ட். ஒரு டார்பிடோ பிஸ்மார்க்கைத் தாக்கியது. சேதம் அதிகமில்லை. ஆனால் ஒன்பது விமானங்களும் இருட்டில் பத்திரமாகத் திரும்பி வந்து இறங்கின. (இரண்டு நாள் கழித்து வேறு ஸ்வார்ட்ஃபிஷ்கள் சுக்கானை முடக்க, 27-ந் தேதி பிஸ்மார்க் மூழ்கியது தனிக்கதை.) இதற்காகத்தான் "டி.எஸ்.ஓ." பதக்கம். அரண்மனையில் வாங்கியது இதுவே.

அதே நவம்பரில் அவருடைய படை இருந்த "ஆர்க் ராயல்" கப்பலும் மூழ்கியது. அப்போது செய்த சேவைக்காக ராணுவ அறிக்கையில் பாராட்டும் கிடைத்தது.

மூக்குக்கு நேரே போன கப்பல்கள்

ஷார்ன்ஹார்ஸ்ட், நைசெனாவ், பிரின்ஸ் யூஜென் என்று மூன்று பெரிய ஜெர்மன் கப்பல்கள் பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்தில் நின்றன. எஸ்மாண்ட் பதக்கம் வாங்கிய அதே இரவு மூன்றும் நழுவின. இங்கிலாந்தின் மூக்குக்கு நேரே, டோவர் கால்வாய் வழியாகச் சொந்த நாட்டுக்கு ஓட்டம்!

ராத்திரி முழுவதும் பிரிட்டிஷாருக்குத் தெரியவில்லை. கண்காணிப்பு விமானங்களின் ரேடார் காலை வாரிவிட்டது. விஷயம் தெரிந்தபோது மறுநாள் மத்தியானம் நெருங்கிவிட்டது.

மான்ஸ்டன் விமான தளத்தில் தயாராக இருந்தவை எஸ்மாண்டின் 6 ஸ்வார்ட்ஃபிஷ்கள். இருட்டில் தாக்கத்தான் திட்டம். இப்போதோ பட்டப்பகல். போவதா வேண்டாமா என்ற முடிவை எஸ்மாண்டிடமே விட்டார்கள்.

துணைக்கு ஐந்து ஸ்குவாட்ரன் சண்டை விமானங்கள் வரும் என்று வாக்குறுதி. வந்து சேர்ந்தவை பத்தே பத்து ஸ்பிட்ஃபயர்கள்! வட்டமிட்டுப் பார்த்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது. இனி காத்திருந்தால் கப்பல்கள் கை நழுவிவிடும். கடல் பக்கம் திரும்பினார்.

மூன்று மடங்குக்கு மேல் வேகமுள்ள ஜெர்மன் விமானங்கள் பாய்ந்தன. கீழே கப்பல்களிலிருந்து குண்டு மழை. எஸ்மாண்டின் இடது இறக்கை சிதைந்தது. விமானத்தின் பின்புறம் தீப்பிடித்தது. துப்பாக்கிக்காரர் கிளிண்டன் வெளியே ஏறி உட்கார்ந்து கையாலேயே தீயை அடித்து அணைத்தாராம்! விமானம் அப்போதும் நேராகக் கப்பலை நோக்கியே போனது. பிறகு கடலில் விழுந்தது.

பின்னால் வந்த மூன்று விமானங்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. போனவர்கள் 18 பேர். கடலிலிருந்து உயிரோடு மீட்டது 5 பேரை. ஒரு டார்பிடோவும் படவில்லை. கண்ணிவெடிகளில் அடிபட்டாலும் மூன்று கப்பல்களும் ஊர் போய்ச் சேர்ந்தன.

பிரிட்டனில் ஒரே கொந்தளிப்பு. மூன்றே நாளில், 15-ந் தேதி, சிங்கப்பூரும் விழுந்தது. நீதிபதி பக்னில் தலைமையில் விசாரணை நடந்தது. அறிக்கையை ஜனங்கள் கண்ணில் காட்டியது 1946-ல்தான்! பதினெட்டு பேரை இந்த மாதிரி விமானத்தில் பகல் வெளிச்சத்தில் அனுப்பியது யார் குற்றம்? வாக்குறுதி கொடுத்தவர்கள் பதில் சொல்லியிருக்க வேண்டும். பதக்கம் கொடுப்பது அதைவிடச் சுலபம்.

பதக்கங்கள் தாராளமாகவே வந்தன. உயிர் பிழைத்த நான்கு அதிகாரிகளுக்கு டி.எஸ்.ஓ.; ஐந்தாமவரான துப்பாக்கிக்காரர் பன்ஸுக்கு "சி.ஜி.எம்.". எஸ்மாண்டுக்கு நம் பரம் வீர் சக்ராவைப் போன்ற விக்டோரியா கிராஸ். அறிவிப்பு வந்தது மார்ச் 3-ந் தேதி. இருந்திருந்தால் மார்ச் 1-ந் தேதி அவருக்கு 33 நிறைந்திருக்கும். கிரிமியா யுத்தத்தில் இதே பதக்கம் வாங்கியவர் அவருடைய பாட்டனார் முறை உறவினர் தாமஸ் எஸ்மாண்ட். இந்த முறை பதக்கத்தை வாங்கிக்கொண்டவர் தாயார்.

ஏப்ரல் கடைசியில் தேம்ஸ் நதி முகத்துவாரத்தில் ஓர் உடல் ஒதுங்கியது. உயிர்காப்புச் சட்டை உடம்பிலேயே இருந்தது. எஸ்மாண்ட்தான். ஜில்லிங்ஹாம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.