எஸ்.ரி.ரி.வை. கட்டளையும் தமிழெழுத்தும்

கணினியில் 'அட்டன்' என நம் ஊர்ப் பெயரைத் தட்டியபின் அழிவிசையை ஒருமுறை அழுத்தினால் நீங்குவது யாது? ஈற்றில் நிற்கும் னகர மெய் என்பர் இலக்கணங் கற்றோர். யுனிக்ஸ் வழிவந்த முறைமைகளில் இவ்விடை எப்பொழுதும் பொருந்துவதில்லை. காரணம் அறிய விழைவோர் எஸ்.ரி.ரி.வை. என்னுங் கட்டளையின் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

தொலைதட்டச்சுப் பொறியை அமைத்தல் என்பதே அச்சுருக்கப் பெயரின் பொருள். 1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் யுனிக்ஸை ஆக்கத் தொடங்கியபோது, கணினியோடு உரையாடுதற்கு அப்பொறியே வாயிலாயிருந்தது. காகிதத்தில் அச்சான எழுத்தை அழித்தல் இயலாதாகலின், '#' குறியைத் தட்டினால் முன்னின்ற எழுத்து நீங்கியதாகக் கொள்ளப்பட்டது. பொறிக்குப் பொறி இயல்பு வேறுபட்டமையின், அவற்றிற்கேற்ப முறைமையை இசைவிக்க, 1972 இல் வந்த இரண்டாம் பதிப்பில் இக்கட்டளை இடம்பெற்றது. பொறி மறைந்தும் கட்டளை மறையவில்லை. இன்றும் நாம் தட்டும் வரி, நுழைவு விசையை அழுத்துமளவும் முறைமையின் உட்கருவிலே தங்கி நிற்கும். அழிக்கும் விசை எது, தட்டியது திரையில் தோன்ற வேண்டுமா என்பனவெல்லாம் இக்கட்டளை வகுப்பனவே. செய்நிரல் ஒன்று இடைமுறிந்து, தட்டுவன திரையில் தோன்றாதொழியின், கட்டளையோடு 'சேன்' என்னுஞ் சொல்லைச் சேர்த்துத் தட்டுக. கண்ணுக்குப் புலனாகாமலே தட்டவேண்டும் என்பதுதான் சிறு சங்கடம்.

இவ்விதிகளுள் ஒரு கருத்து உறைந்து கிடந்தது: ஓரெழுத்துக்கு ஒரு பைட்டு, திரையில் ஓரிடம். ஆங்கிலத்துக்கு அது போதும். 'அட்டன்' இலக்கணப்படி நான்கெழுத்து. யுனிகோட்டிலோ அகரம், டகரம், புள்ளி, டகரம், னகரம், புள்ளி என ஆறு குறிகள். யூ.ரி.எவ்.-8 குறியீட்டில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள், ஆக 18. பழைய விதிப்படி அழித்தால் ஒரு பைட்டே நீங்கிச் சிதைந்த குறியொன்று எஞ்சும். 1992 இல் ரொப் பைக்குடன் கூடி இக்குறியீட்டை வகுத்தவரும் அதே தொம்சன் என்பது சுவையான செய்தி.

2004 இல் லினக்ஸ் உட்கருவில் ஐ.யூ.ரி.எவ்.8 என்னும் விதி சேர்ந்தது. அதன்படி ஒரு குறிக்குரிய பைட்டுகள் யாவும் ஒருங்கே நீங்கும். ஆயினும் முதலில் அழிவது புள்ளி மாத்திரமே. புள்ளிக்குத் தனியிடம் இல்லையென்பதை உட்கரு அறியாது. திரையில் ஓரிடம் பின்வாங்கி வெற்றிடம் இடும். ஆகவே கண்ணுக்கு 'அட்ட' எனத் தோன்ற, உள்ளே 'அட்டன' நிற்கும்! நுழைவு விசையை அழுத்தியதும் நாம் காணாத னகரம் கோப்பிற் சென்று சேரும். பிறப்புப் பதிவிலும் அடையாள அட்டையிலும் ஓரெழுத்து மாறியதால் இடர்ப்பட்டோர் மலைநாட்டிற் பலராகலின், இதனைச் சிறுபிழையென ஒதுக்கல் ஆகாது.

பாஷ் போன்ற கட்டளை ஓடுகள் வரித்திருத்தத்தைத் தாமே மேற்கொள்வதால், ஆங்கு இவ்விடர் பெரும்பாலும் தோன்றாது. திருத்தத்தை உட்கருவிடமே விட்டுவிடும் எளிய செய்நிரல்களில் தமிழ்ப் பெயர்களைத் தட்டுவோர், பிழை நேரின் அழிவிசையை நம்பாது, கொன்ட்ரோல் விசையுடன் யூ விசையை அழுத்தி, வரி முழுவதையும் நீக்கி மீளத் தட்டுதல் நன்று.