சபுராளிகளின் தலைவாசல்: திருச்சி விமான நிலையம் தருவதும் தர வேண்டியதும்

சென்ற ஆண்டு ஒரு நாள், சுப்ஹுத் தொழுகை முடிந்து பள்ளியின் படியிறங்கியபோது எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் வஃபாத்தானார் என்ற செய்தி வந்தது. அவருடைய ஒரே மகன் ஷார்ஜாவில் பணியாற்றுகிறான். மதரஸாவில் என்னிடம் ஓதிய பிள்ளை. ஜமாஅத் பெரியவர்கள் கூடினார்கள். "அடக்கம் லுஹருக்கா, அஸருக்கா?" என்று பேச்சு எழுந்தது. உண்மையில் அது தொழுகை நேரத்தைப் பற்றிய கேள்வியே அன்று. "எந்த விமானத்தில் இடம் இருக்கிறது?" என்பதுதான் கேள்வி.

சற்று நேரத்தில் மகனே தொலைபேசியில் பேசினான். "ஹஜ்ரத், திருச்சிக்கு நேராக வரும் விமானத்தில் இடமில்லை என்கிறார்கள். வேறு ஊர் சுற்றி வரும் பயணச்சீட்டுக்கு வழக்கத்தைப் போல் மூன்று மடங்கு கேட்கிறார்கள். அதில் வந்தாலும் நாளைதான் ஊர் சேர முடியும். அத்தாவின் முகத்தை நான் பார்க்க முடியுமா?" என்று கேட்டான்.

ஜனாஸாவைத் தாமதிப்பது முறையன்று என்பதை அவனுக்குக் கற்பித்தவனே நான்தான். அஸருக்குப் பின் அடக்கம் நடந்தது. மறுநாள் நண்பகலில் பெட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டு நேரே கபருஸ்தானுக்குச் சென்றான் அந்தப் பிள்ளை. அன்று முதல் விமானம், கட்டணம், வழித்தடம் ஆகியவை பயண ஏஜெண்டுகள் மட்டும் கவலைப்பட வேண்டிய செய்திகள் என்ற எண்ணம் என்னை விட்டு அகன்றது. நம் வீடுகளின் சிரிப்பும் கண்ணீரும் அவற்றோடு பின்னிக் கிடக்கின்றன.

கப்பல் துறையிலிருந்து ஓடுபாதைக்கு

'சபர்' என்றால் பயணம். நம் ஊர்களில் 'சபுராளி' என்றால் பொருள் தேடிக் கடல் கடந்தவர். நாகூர், நாகப்பட்டினம், கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், தொண்டி, கீழக்கரை என நீளும் நம் ஊர்களுக்கு அன்று தலைவாசலாக இருந்தது நாகப்பட்டினத் துறைமுகம். 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் 'ரஜூலா' என்னும் கப்பல் நம் பாட்டனார்களைப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சுமந்து சென்றது. அதன்பின் 'எம்.வி. சிதம்பரம்' வந்தது. 1984 பிப்ரவரியில் நடுக்கடலில் அக்கப்பலில் தீப்பற்றிப் பலர் உயிரிழந்தனர். அத்துடன் அந்தக் கடல்வழிப் பயணம் முடிவுக்கு வந்தது. மும்பையிலிருந்து ஹஜ்ஜுக்குச் சென்றுகொண்டிருந்த கப்பலும் 1995-இல் நின்றது. கடல்வழி அடைபட்ட பின் மிஞ்சியது வான்வழி ஒன்றே.

திருச்சியின் விமானத்தளம் ஆங்கிலேயர் காலத்தது. ஆயினும் நெடுங்காலம் கொழும்புப் பயணமே அதன் முக்கிய வெளிநாட்டுத் தொடர்பாக இருந்தது. மலேசியாவின் ஏர் ஏஷியா நிறுவனம் இந்தியாவுக்கு வரத் தீர்மானித்தபோது முதலில் தேர்ந்தெடுத்த ஊர் சென்னையன்று, மும்பையன்று, திருச்சி. 2008 டிசம்பரில் கோலாலம்பூரிலிருந்து அதன் சேவை தொடங்கியது. காவிரிப் படுகையிலும் இராமநாதபுரம் சீமையிலும் எத்தனை சபுராளிக் குடும்பங்கள் இருக்கின்றன என்பதை அயல்நாட்டு நிறுவனம் அறிந்திருந்தது! 2009-இல் ஒரு முனையக் கட்டடம் திறக்கப்பட்டது. 2012 அக்டோபரில் மத்திய அமைச்சரவை திருச்சிக்குப் பன்னாட்டு விமான நிலையம் என்னும் தகுதியை வழங்கியது.

புதிய முனையம்

பழைய கட்டடத்தில் நின்று அவதிப்பட்டவர்களுக்குத்தான் புதிய கட்டடத்தின் அருமை தெரியும். பின்னிரவில் இரண்டு மூன்று விமானங்கள் அடுத்தடுத்து வந்து இறங்கினால் குடியேற்றச் சோதனை வரிசையில் கைக்குழந்தையுடன் நிற்கும் பெண்களைக் காணச் சகிக்காது. 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட புதிய முனையம் 2024 ஜனவரி 2 அன்று பிரதமரால் திறந்து வைக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூன் 11 முதல் அங்கிருந்து விமானங்கள் இயங்கத் தொடங்கின. 1,100 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில், சுமார் 75,000 சதுர மீட்டர் பரப்பில், இரண்டு தளங்களாக அது எழுந்துள்ளது. ஆண்டுக்கு 44 லட்சத்துக்கும் அதிகமான பயணிகளையும், நெரிசல் வேளையில் 3,500 பயணிகளையும் தாங்கும் ஆற்றல் உடையது.

நடக்க இயலாத முதியோர் எவரேனும் உங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டால், பயணச்சீட்டு வாங்கும்போதே சக்கர நாற்காலி வேண்டுமென்று பதிவு செய்துவிடுங்கள். வாயிலுக்கு வந்த பின் கேட்டால் காத்திருக்க நேரிடும். மற்றொன்று, பயணச்சீட்டு உள்ளவரே முனையத்தின் உள்ளே செல்ல இயலும். ஒருவரை வழியனுப்ப இரண்டு வேன்களில் இருபது பேர் வரும் பழக்கம் நம்மிடம் இன்னும் மாறவில்லை. அந்த வேன் வாடகையைப் பயணம் போகும் பிள்ளையின் கையில் கொடுத்தால் அங்கே அவனுக்கு ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவுக்கு உதவும்.

எங்கெங்கே வழி திறந்துள்ளது?

கிழக்குத் திசையே திருச்சிக்கு வலுவானது. ஸ்கூட், இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ஆகியவை சிங்கப்பூருக்கும், ஏர் ஏஷியாவும் பாத்திக் ஏரும் கோலாலம்பூருக்கும் பறந்து வருகின்றன. கொழும்புக்கு ஸ்ரீலங்கன் உண்டு. 2023 நவம்பரில் வியட்ஜெட் நிறுவனம் வியத்நாமின் ஹோசிமின் நகருக்குச் சேவை தொடங்கியது. 2025 மார்ச் 30 அன்று இண்டிகோவின் சிறிய விமானம் திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பறந்தது. 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் துயரத்தை அறிந்தவர்களுக்கு இவ்வழி திறந்ததில் தனியொரு நெகிழ்ச்சி உண்டு.

மேற்கே துபாய், ஷார்ஜா போன்ற வளைகுடா நகரங்களுக்கு நம் நாட்டு நிறுவனங்களே, குறிப்பாக ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், சென்று வருகின்றன. ஆண்டுக்கு இருமுறை, மார்ச் இறுதியிலும் அக்டோபர் இறுதியிலும், கால அட்டவணை மாறும் என்பதை நினைவில் வையுங்கள். சென்ற முறை சென்ற விமானம் இம்முறையும் அதே நேரத்தில் இருக்கும் என்று எண்ணிப் பயணத் திட்டம் வகுக்காதீர்கள்.

கட்டணம் ஏன் எகிறுகிறது?

"சிங்கப்பூர் போகப் பல நிறுவனங்கள் போட்டி போடுகின்றன, துபாய் போக ஏன் இல்லை?" என்று பலரும் கேட்கின்றனர். விடை விமான நிலையத்தில் இல்லை. நாடுகளுக்கிடையேயான ஒப்பந்தங்களில் இருக்கிறது. ஓர் அயல்நாட்டு நிறுவனம் தான் விரும்பிய இந்திய ஊருக்கெல்லாம் வந்துவிட முடியாது. எந்தெந்த ஊர், வாரத்துக்கு எத்தனை இருக்கை என்று இரு அரசுகளும் பேசி முடிவு செய்யும். தென்கிழக்காசிய நாடுகளின் நிறுவனங்கள் தடையின்றி வந்து செல்ல இந்திய அரசு 18 ஊர்களைத் திறந்துவிட்டது. அவற்றில் திருச்சியும் ஒன்று. கிழக்கே வழி செழித்ததன் இரகசியம் இதுவே.

துபாய் நிறுவனங்களுக்கோ 2014-இல் ஒப்புக்கொண்ட அளவு, இந்தியா முழுமைக்கும் சேர்த்து வாரத்துக்கு ஒரு பக்கத்துக்குச் சுமார் 65,000 இருக்கைகள். அவை இறங்கலாம் என்று குறிக்கப்பட்ட ஊர்களின் பட்டியலில் திருச்சி இல்லை. ஆகவே எமிரேட்ஸோ ஃப்ளைதுபாயோ இங்கு வர முன்வந்தாலும் வர இயலாது. போட்டி குறைந்தால் விலை ஏறும். கடைத்தெருவின் அதே விதிதான்.

இரண்டாவது காரணம் ஓடுபாதை. திருச்சியின் ஓடுபாதை ஏறத்தாழ 2,480 மீட்டர் நீளமே உடையது. முந்நூறு பேரைச் சுமக்கும் பெரிய விமானங்கள் நிறைபாரத்துடன் நெடுந்தொலைவு செல்ல இது போதாது. நிலம் கையகப்படுத்தி ஓடுபாதையை நீட்டும் முயற்சி பல ஆண்டுகளாக நடந்து வருகிறது.

மூன்றாவது, பருவம். 1994-இல் விமானக் கழகச் சட்டம் நீக்கப்பட்ட பின் தனியார் நிறுவனங்கள் முறையாகப் பெருகின; கட்டணத்தை நிறுவனங்களே வகுத்துக்கொள்கின்றன. ஒரே விமானத்தின் இருக்கைகளைப் பல விலைப் படிகளாகப் பிரித்து, மலிவானவற்றை முதலில் விற்கின்றன. வளைகுடாவில் பள்ளி விடுமுறை வரும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களிலும் பெருநாள் நெருக்கத்திலும் எல்லாரும் ஒரே நேரத்தில் ஊர் திரும்ப விரும்புகிறோம். மலிவுப் படிகள் முன்பே தீர்ந்துவிடுகின்றன.

அடிப்படைக் கட்டணத்தோடு விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம், சரக்கு சேவை வரி ஆகியன சேரும். சாதாரண வகுப்புக்கு வரி 5 விழுக்காடு. பாதுகாப்புக் கட்டணம் 2021 ஏப்ரலில் உள்நாட்டுப் பயணிக்கு 200 ரூபாயாகவும் வெளிநாட்டுப் பயணிக்கு 12 டாலராகவும் உயர்த்தப்பட்டது. எனவே விளம்பரத்தில் காணும் தொகையை நம்பாமல், இறுதியில் செலுத்த வேண்டிய முழுத் தொகையையே ஒப்பிட்டுப் பாருங்கள். பெட்டிக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் கேளுங்கள். விமான நிலையத்தில் எடை கூடினால் கிலோவுக்குக் கொடுக்கும் தொகை, உள்ளிருக்கும் பண்டத்தின் விலையை விஞ்சிவிடும்.

புறப்படுமுன் சில எச்சரிக்கைகள்

நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயரே இருக்கிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் கொண்டோர் வருகை விசாவில் நுழைய முடியாது என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்ற விளக்கமும் பின்னர் வந்தது. வாயிலில் நின்று கலங்குவதைவிட முன்பே சரிபார்த்துக்கொள்வது மேல்.

பத்தாம் வகுப்பு தேறாதவர் வேலைக்காக வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்குச் செல்லும்போது குடியகல்வு அனுமதி பெற வேண்டும். பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் மட்டுமே. அதற்குமேல் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். வருகை விசாவில் அனுப்பி அங்கே வேலை வாங்கித் தருவதாகச் சொல்பவரை நம்பித் தாயின் நகையை விற்காதீர்கள்.

ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கித் திரும்பும் பெண் 40 கிராமும் ஆண் 20 கிராமும் தங்க நகை தீர்வையின்றிக் கொண்டுவரச் சுங்க விதி இடமளிக்கிறது. அதற்குமேல் இருந்தால் சொல்லித் தீர்வை கட்டுங்கள். 'குருவி' என்று அழைக்கப்படும் கூட்டத்தில் நம் இளைஞர்கள் சிலரும் சிக்குவதை எழுதக் கை கூசுகிறது. போகவரப் பயணச்சீட்டும் சிறு தொகையும் தருவதாகச் சொல்லி, பிறர் தங்கத்தை உடலில் மறைத்துக் கொண்டுவரச் செய்கின்றனர். பிடிபட்டால் தங்கத்துக்கு உரியவன் மறைந்துவிடுவான். வழக்கும் அவமானமும் சுமந்தவனுக்கே. ஹலாலான உழைப்பைத் தேடித்தானே கடல் கடந்தோம்? முன்பின் அறியாதவர் தரும் பொட்டலம் எதுவாயினும், மருந்தென்றாலும் மாத்திரையென்றாலும், கையில் வாங்காதீர்கள்.

உம்ராவிலிருந்து திரும்புவோர் ஸம்ஸம் நீரைத் துணிப்பெட்டிக்குள் வைத்தால் அங்கேயே எடுத்துவிடுவார்கள். அதற்கென விற்கப்படும் முத்திரையிட்ட பெட்டியில் தனியாகக் கொண்டுவருவதே முறை.

நாம் கேட்க வேண்டியது

தமிழகத்து ஹாஜிகளின் புறப்பாட்டுத் தலம் சென்னை. நோய்த்தொற்றுக் காலத்தில் அதுவும் நிறுத்தப்பட்டு நம் ஹாஜிகள் கொச்சிக்கு அலைந்தனர். 2023-இல்தான் சென்னைக்கு மீண்டும் அவ்வாய்ப்பு கிடைத்தது. டெல்டாவிலும் தென் மாவட்டங்களிலும் வாழும் முதியோர் இஹ்ராமின் நினைவோடு இரவெல்லாம் சாலைவழியே சென்னைக்குப் பயணம் செய்கின்றனர். ஓடுபாதை நீண்டு, ஒப்பந்தப் பட்டியலில் திருச்சி இடம்பெற்று, ஜித்தாவுக்கு இங்கிருந்தே விமானம் புறப்படுமானால் அந்த அலைச்சல் தீரும்.

இதைக் கேட்பது சமுதாயச் சலுகை கேட்பதன்று. ஓடுபாதை நீண்டால் வாழையும் பூவும் காய்கறியும் ஏற்றி அனுப்பும் விவசாயிக்கும் நன்மை. சிங்கப்பூரில் பணிபுரியும் எல்லாச் சமயத்துத் தொழிலாளிக்கும் நன்மை. ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் எழுத்து மூலமாக இரண்டு கோரிக்கைகளை வைக்கலாம்: ஓடுபாதையை விரைந்து நீட்டுக, வளைகுடா நிறுவனங்களுக்குத் திருச்சியைத் திறந்துவிடுக. மஹல்லாவில் எத்தனை பேர் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்ற கணக்கையும் இணைத்தால் அக்கோரிக்கைக்கு வலு கூடும். திருமணப் பதிவேடு வைத்திருக்கும் நாம் சபுராளிகளின் பதிவேடு ஒன்றையும் வைத்துக்கொள்ளக் கூடாதா?

2024 அக்டோபர் 11 மாலை, திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் ஒன்று பழுதுற்று, எரிபொருளைக் கரைப்பதற்காக இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே வட்டமிட்டது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் அதில் இருந்தனர். எத்தனை இல்லங்களில் அன்று கைகள் துஆவுக்கு உயர்ந்திருக்கும்! அல்ஹம்துலில்லாஹ், அனைவரும் நலமாகத் தரையிறங்கினர். வானில் செல்வது இயந்திரமன்று, நம் பிள்ளைகள் என்பதை அந்த இரண்டு மணி நேரம் ஊருக்கே உணர்த்தியது.

கபருஸ்தானிலிருந்து திரும்பிய அந்தப் பிள்ளை என்னிடம், "ஹஜ்ரத், அத்தா முதல்முறை சபர் போனபோது அவருடைய அத்தா இறந்த செய்தி கடிதத்தில் வந்து சேர ஒரு மாதம் ஆனதாம். எனக்கு ஒரு நாள்தான் பிந்திவிட்டது" என்றான். ஒரு மாதம் ஒரு நாளாகக் குறைந்தது. அந்த ஒரு நாளும் குறைய வேண்டும். இன்ஷா அல்லாஹ், அதற்கான முயற்சி நம் ஒவ்வொரு மஹல்லாவிலிருந்தும் தொடங்கட்டும்.