கோடைக்கு முன் ஒரு சனிக்கிழமை

“வெள்ளம் வருமுன் அணை போடு” என்று நம் முன்னோர் சொல்லிச் சென்றார்கள். வெள்ளத்திற்குச் சொன்னது வெயிலுக்கும் பொருந்தும் என்பதை எங்கள் குடும்பம் 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் வருந்திக் கற்றுக்கொண்டது. அந்தப் பாடத்தைத் தோழியரோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுத முன்வந்தோம்.

எங்கள் ஊர் திருச்சி. அக்கினி நட்சத்திரம் என்னும் கத்திரி வெயில் ஏறத்தாழ மே 4-ஆம் நாள் தொடங்கி 28-ஆம் நாள் வரை நீடிக்கும். பகலில் காய்ந்த மொட்டைமாடி இரவிலும் அனலைக் கக்கும். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஏ.சி. பெட்டி. அது எண்பது வயதைக் கடந்த எங்கள் அப்பாயியின் அறையில் உள்ளது. அந்த ஆண்டு கத்திரி தொடங்கிய முதல் வாரத்தில் அது சுவரில் தண்ணீரை ஒழுகவிட்டது. மறுநாள் குளிர்ச்சியில்லாத வெறுங்காற்றை ஊதியது. பின்பு போட்டால் சிறிது நேரம் ஓடுவதும் தானே நின்றுவிடுவதுமாக இருந்தது. பழுது பார்ப்பவரை அழைத்தோம். “எல்லா வீட்டிலும் இதே கதைதான், நான் வர ஐந்து நாள் ஆகும்” என்றார்.

மூன்றாம் நாள் இரவு, தண்ணீர் குடிக்க எழுந்த அப்பாயி தலைசுற்றி விழுந்துவிட்டார். மருத்துவமனையில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். வெப்பத்தால் உடலில் நீர் வற்றியதே காரணம் என்றார் மருத்துவர். முதியோருக்குத் தாக உணர்ச்சி குறைவு, வியர்வையும் குறைவு. ஆதலால் இரவிலும் தணியாத வெப்பம் அவர்களுக்கு ஆபத்தானது என்றும் விளக்கினார். எலும்பு முறியாதது இறைவன் அருள்.

ஐந்தாம் நாள் பழுது பார்ப்பவர் வந்தார். பெட்டியின் முன்மூடியைத் திறந்து, உள்ளிருந்த வலையை வெளியே இழுத்தார். கம்பளித் துண்டுபோல் தூசி படிந்திருந்தது. “இதைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள்?” என்று கேட்டார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா எங்களைப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம். பிறகு அவர் மொட்டைமாடிக்குச் சென்றார். அங்கே வெளிப்பெட்டியின்மேல் நாங்கள் சாய்த்து வைத்திருந்த பழைய மெத்தையையும் அட்டைப் பெட்டிகளையும் அகற்றினார். அவ்வளவுதான்! எந்தப் பாகமும் கெட்டுப்போகவில்லை. அவர் செய்த வேலையை நாங்களே மாசி மாதத்தில் செய்திருக்கலாம்.

ஏ.சி. செய்வது என்ன?

இந்த இயந்திரம் குளிரை உண்டாக்குகிறது என்றுதான் நாங்கள் எண்ணியிருந்தோம். உண்மையில் அது குளிரை உண்டாக்குவதில்லை. அறையிலுள்ள வெப்பத்தை, கிணற்றிலிருந்து நீரை இறைப்பதுபோல, வெளியே இறைத்துக் கொட்டுகிறது. மண்பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தை எடுத்துச் செல்வதால்தான் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. ஏ.சி.யிலும் இதே தத்துவம்தான். அறைக்குள் இருக்கும் குழாய்ச் சுருளில் ஒரு திரவம் அறையின் வெப்பத்தை ஏற்று ஆவியாகிறது. கம்ப்ரெஸர் அந்த ஆவியை அழுத்தி வெளிப்பெட்டிக்கு அனுப்புகிறது. அங்கே வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டுவிட்டு, அது மீண்டும் திரவமாகி உள்ளே திரும்புகிறது.

ஆகவே காற்றுக்கு இரண்டு வழிகள் திறந்திருக்க வேண்டும். அறைக்காற்று உள்சுருளைத் தொட வேண்டும். வெளிக்காற்று வெளிச்சுருளைத் தொட வேண்டும். எங்கள் வீட்டில் முதல் வழியைத் தூசி அடைத்தது. காற்றுப் படாத சுருள் அளவுக்கு மீறிக் குளிர்ந்து அதன்மேல் பனிக்கட்டி படிந்தது. அது உருகியபோது நீர் சுவரில் வழிந்தது. இரண்டாம் வழியை மெத்தை அடைத்தது. வெப்பம் வெளியேற இடமின்றிக் கம்ப்ரெஸர் சூடேறித் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டது.

இயந்திரத்திலிருந்து தண்ணீர் ஏன் வருகிறது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1902-ஆம் ஆண்டு அமெரிக்காவில், நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியிலிருந்த ஓர் அச்சகத்திற்காக வில்லிஸ் கேரியர் என்ற பொறியாளர் இதன் முன்னோடியை வடிவமைத்தார். அவருடைய நோக்கம் மனிதரைக் குளிர்விப்பதன்று. காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ண அச்சுகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாமற் போயின. அந்த ஈரத்தை அகற்றவே அவர் முயன்றார். இன்றும் ஏ.சி. காற்றைக் குளிர்விப்பதோடு ஈரத்தையும் நீராகப் பிரித்தெடுக்கிறது. அந்த நீர் வெளியேறும் குழாய் அடைபட்டாலும் அது அறைக்குள்தான் ஒழுகும்.

நாமே செய்யக்கூடியவை

பெரியவர் ஒருவர் அருகில் இருக்கும்போதே இவ்வேலைகளைச் செய்ய வேண்டும். முதலில் சுவிட்சை மட்டுமன்றி, அந்த ஏ.சி.க்கு உரிய மெயினையும் நிறுத்திவிட வேண்டும். ஈரக் கையால் எதையும் தொடலாகாது.

1. வலை: முன்மூடியைத் தூக்கி வலையை மெல்ல உருவி எடுக்க வேண்டும். தூசியைத் தட்டிவிட்டு, வலையின் பின்புறத்திலிருந்து குழாய் நீரை விட்டால் அழுக்கு வந்த வழியே போய்விடும். வெந்நீர் கூடாது. நிழலில் நன்கு உலர்த்தியபின் மாட்ட வேண்டும். வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் சட்டம் வளைந்துவிடும். கோடையில் இரண்டு வாரத்திற்கு ஒருமுறை இதைச் செய்வது நல்லது.

2. உள்சுருள்: வலைக்குப் பின்னால் மெல்லிய அலுமினியத் தகடுகள் வரிசையாகத் தெரியும். மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழாகத் துடைக்கலாம். தகடுகள் எளிதில் வளைந்துவிடும், ஓரமும் கூர்மையானது. விரல்கள் பத்திரம்!

3. நீர்க்குழாய்: உள்பெட்டியின் நீர்த்தட்டில் ஒரு குவளை நீரை மெல்ல ஊற்றி, வெளியே முழுவதும் வந்து சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். குழாய் எங்கும் மேல்நோக்கி வளையக் கூடாது; அதன் நுனி வாளி நீரில் மூழ்கியிருக்கவும் கூடாது. பாசி அடைத்திருந்தால் பழுது பார்ப்பவர் ஊதிச் சுத்தம் செய்து தருவார்.

4. வெளிப்பெட்டி: அதைச் சுற்றி இரண்டு அடியாவது காலியிடம் இருக்கட்டும். சருகுகளை அகற்றி, தூசி படிந்த தகடுகளின்மேல் மெல்லிய நீரை விட்டுக் கழுவலாம். மூடியைத் திறக்கவே கூடாது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் உள்ளே இருக்கும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். புறா கூடு கட்டியிருக்கிறதா, அணில் வயரைக் கடித்திருக்கிறதா, செம்புக்குழாய்மேல் சுற்றிய உறை கிழிந்திருக்கிறதா என்றும் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

5. வெள்ளோட்டம்: எல்லாம் உலர்ந்தபின் இருபது நிமிடம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். குளிர் குறைந்தாலோ புதிய சத்தம் கேட்டாலோ அப்போதே சொல்லி அனுப்பலாம். மாசியில் அழைத்தால் விரைவில் வருவார். சித்திரையில் அழைத்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் அப்பாயி அறிவார்.

‘கேஸ்’ பற்றி ஒரு வார்த்தை

“ஆண்டுதோறும் கேஸ் நிரப்ப வேண்டும்” என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. அடுப்பு வாயுவைப் போல இது எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. அது குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் மேலும் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதற்கு ஒப்பாகும். பழைய பெட்டிகளில் உள்ள ஆர்-22 ஓசோன் படலத்திற்குத் தீங்கு செய்வது. அத்தகைய பொருள்களைக் குறைக்கவே 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை உருவாயிற்று. புதிய பெட்டிகள் பலவற்றில் உள்ள ஆர்-32 ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் காற்றில் கலந்தால், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 675 மடங்கு பூமியைச் சூடாக்கும். ஓரளவு தீப்பற்றக் கூடியதும்கூட. எனவே கேஸ் வேலை தேர்ந்தவருக்கு உரியது, நமக்கு உரியதன்று.

மின்சாரமும் மனச்சாட்சியும்

2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் விற்கப்படும் அறை ஏ.சி.கள், போட்டவுடன் 24 டிகிரியில் இயங்குமாறு அமைக்கப்பட வேண்டும் என்று அரசு விதித்தது. ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. மேற்குச் சன்னலுக்குத் திரை போட்டு, கதவிடுக்குகளை அடைத்து, மின்விசிறியையும் மெதுவாகச் சுழலவிட்டால் 26 டிகிரியே அப்பாயிக்குப் போதுமானதாக இருக்கிறது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலில், மனிதரின் தீய நுகர்வுப் பழக்கத்திற்கு எளிய எடுத்துக்காட்டாக ஏ.சி.யின் பெருகிவரும் பயன்பாட்டையே குறிப்பிட்டார். இதைப் படித்தபோது எங்களுக்குச் சற்றுச் சங்கடமாகவே இருந்தது. அப்பாயிக்கு அது தேவை; எங்களுக்கு அது ஆசை. இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டும் என்று எண்ணி, அந்த ஒரு பெட்டியோடு நிறுத்திக்கொண்டோம்.

ஏ.சி. இல்லாத வீடுகளில்

மற்ற அறைகளில் எங்களுக்கும் மின்விசிறிதான். அதன் இறக்கைகளின் அழுக்கைத் துடைக்க வேண்டும். துடைத்தபின்னும் மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கண்டென்சர் தளர்ந்திருக்கும். சிறிய செலவில் மாற்றிவிடலாம். ஏர் கூலர் வைத்திருப்போர் அதன் புல்தட்டிகளைக் கழுவியோ மாற்றியோ வைக்க வேண்டும். வாரம் ஒருமுறையேனும் தொட்டியைக் காலிசெய்து தேய்த்துக் கழுவாவிட்டால் டெங்குக் கொசு அதில் முட்டையிடும். கூலர் ஓடும்போது சன்னல் திறந்திருக்க வேண்டும். இல்லையேல் அறையில் ஈரம் தேங்கிப் புழுங்கும். மொட்டைமாடிக்குப் பங்குனியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும்.

எங்கள் தீர்மானம்

யாராவது செய்வார்கள் என்று ஒவ்வொருவரும் எண்ணியதால்தான் ஒருவருமே செய்யவில்லை. எனவே மறக்க முடியாத ஒரு நாளைக் குறித்துக்கொண்டோம். விபூதிப் புதனை அடுத்த சனிக்கிழமைதான் அந்த நாள். தவக்காலத்தில் உள்ளத்தின் தூசியைத் துடைக்கும்போது வீட்டின் தூசியையும் துடைத்துவிடலாம் அல்லவா! 2025-இல் முதன்முறையாக அவ்வாறு செய்தோம். அந்தக் கோடை முழுவதும் பெட்டி ஒருநாளும் நிற்கவில்லை.

அன்று எங்கள் வலையைக் கழுவிய பின், பக்கத்து வீட்டில் தனியாக வாழும் முதிய தம்பதியர் நினைவுக்கு வந்தார்கள். அவர்களால் நாற்காலிமேல் ஏற முடியாது. அப்பாவுடன் சென்று அவர்களுடைய வலையையும் கழுவி, மின்விசிறிகளையும் துடைத்துக் கொடுத்தோம். தோழியரே, உங்கள் தெருவிலும் அப்படி ஒருவர் இருக்கக் கூடும், கேட்டுப் பாருங்கள்.

இப்போதெல்லாம் கோயிலிலிருந்து நெற்றியில் சாம்பலோடு நாங்கள் வீடு திரும்பியதும் அப்பாயி கேட்பது இதுதான்: “விபூதி பூசியாச்சு, சரி. வலை கழுவ எல்லாம் எடுத்து வச்சாச்சாடி?”