குப்புறப் படுத்து ஒரு ஸ்கேன்

மார்பக எம்.ஆர்.ஐ.க்குக் குப்புறத்தான் படுக்க வேண்டும். முதுகுக்கோ மூளைக்கோ மல்லாந்து படுத்து ஸ்கேன் எடுத்துக்கொண்டவர்களுக்கும் இது புதிதாகத்தான் இருக்கும். மேசையில் மார்புக்கு நேராக இரண்டு பள்ளங்கள் இருக்கும். மார்பகங்கள் அவற்றுக்குள் தொங்கும்படி படுக்கச் சொல்வார்கள். சமிக்ஞைகளைப் பிடிக்கும் கம்பிச்சுருள் அந்தப் பள்ளங்களைச் சுற்றித்தான் பதிந்திருக்கிறது. மல்லாந்து படுத்தால் மார்பகம் விலாவின்மேல் தட்டையாகப் பரவி, ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி இறங்கும். தொங்கும்போது உள்ளே இருக்கும் திசு விரிந்து நிற்கும், அசைவும் குறையும். மேமோகிராமில் செய்வதுபோல இரண்டு தகடுகளுக்கிடையே வைத்து இறுக்குவதெல்லாம் இதில் இல்லை. சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது: நெஞ்செலும்பு திண்டில் அழுந்த, கைகள் தலைக்கு மேலே நீண்டிருக்க, அரை மணி நேரம் போல ஆடாமல் கிடக்க வேண்டும். தோள்வலி, கழுத்துவலி இருந்தால் படுத்த பிறகு முனகுவதைவிட முன்பே சொல்லிவிடுவது நல்லது. இன்னொரு திண்டு வைப்பார்கள், கையை வேறுவிதமாக வைக்கவும் சில சமயம் இடமுண்டு.

இது எல்லாருக்குமான பரிசோதனை அல்ல. கட்டி என்று போனால் முதலில் மேமோகிராம், அல்ட்ராசவுண்ட்தான். எம்.ஆர்.ஐ. அவற்றுக்கு மாற்றாக வருவதில்லை. பி.ஆர்.சி.ஏ. மரபணுவில் பிறழ்வு உள்ளவர்கள், சிறுவயதில் வேறு புற்றுநோய்க்காக நெஞ்சில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள் போன்றோருக்கு ஆண்டுதோறும் எடுக்கப் பரிந்துரைப்பதுண்டு. அக்குள் நெறிக்கட்டியில் புற்று தெரிந்து மார்பகத்தில் எதுவும் தட்டுப்படாதபோதும் கேட்பார்கள். ஏற்கெனவே புற்று உறுதியானவருக்கு அது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, அறுவைக்கு முன் கொடுத்த கீமோ எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்று அளக்கவும் இது பயன்படும்.

எக்ஸ்ரே இல்லாமல் படம் எப்படி வருகிறது? நம் உடம்பின் நீரிலும் கொழுப்பிலும் நிறைந்திருக்கும் ஹைட்ரஜன் அணுக்கரு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். வலுவான காந்தப்புலத்துக்குள் நுழைந்ததும் அவற்றில் ஒரு சிறு பங்கு அதன் திசைக்கு ஒத்து நிற்கிறது. ரேடியோ அலையால் தட்டிவிட்டால் சாய்ந்து, பழைய நிலைக்குத் திரும்பும்போது தானும் ஒரு அலையை வெளிவிடுகிறது. அந்த அலை எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பிரித்தறியும் வழியை 1973இல் பால் லாட்டர்பர் காட்டினார். 2003இல் அவருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. இடத்தைப் பிரிக்கும் சுருள்களில் மின்சாரம் நொடிக்குப் பலமுறை மாறும்போது அவை அதிர்கின்றன. சுவரில் டிரில் போடுவதுபோல் காதைத் துளைக்கும் அந்தச் சத்தம் இந்த அதிர்வுதான், இயந்திரம் பழுதானதல்ல. காதுக்கு அடைப்பான் தருவார்கள், கையில் ஒரு ரப்பர் பந்தும் தருவார்கள். அதை அழுத்தினால் ஸ்கேனை நிறுத்திவிட்டு உள்ளே வருவார்கள்.

ஆனால் மார்பகத்தைப் பொறுத்தவரை வெறும் காந்தமும் அலையும் போதவில்லை. நல்ல சுரப்பித் திசுவும் கட்டியும் படத்தில் ஏறக்குறைய ஒரே சாயலில் விழுந்தன. ஜெர்மனியில் 1980களின் நடுவில் காடோலினியம் என்ற உலோகம் சேர்ந்த மருந்தை நரம்பில் ஏற்றிப் பார்த்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. வளரும் புற்றுக்கட்டி தனக்கென்று புதிய ரத்தக்குழாய்களை வளர்த்துக்கொள்கிறது என்று ஜூடா ஃபோக்மன் 1971இலேயே சொல்லியிருந்தார். அவசரத்தில் முளைத்த அந்தக் குழாய்கள் ஒழுகும். மருந்து அங்கே சட்டென்று பாய்ந்து பளிச்சென்று தெரிகிறது, பல நேரம் சட்டென்று வடிந்தும் விடுகிறது. அதனால்தான் மருந்து ஏற்றுவதற்கு முன் ஒருமுறையும் ஏற்றிய பின் பலமுறையும் படம் எடுக்கிறார்கள். எந்த இடம் எவ்வளவு வேகமாக ஒளிர்ந்தது, எப்போது மங்கியது என்பதுதான் கேள்வி. கட்டியைப் பார்ப்பதைவிட ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் பரிசோதனை இது என்று சொன்னால் தவறில்லை.

மாதவிலக்குத் தேதியைக் கேட்பதற்கும் இதுவே காரணம். சுழற்சியின் பின்பாதியில் ஹார்மோன்களால் சாதாரணத் திசுவும் ரத்தம் கூடி ஒளிரும். 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாளுக்குள் எடுத்தால் குழப்பம் குறைவு. புற்று உறுதியாகி அவசரம் என்றால் தேதி பார்க்க மாட்டார்கள். காடோலினியம் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் முன்னதாகக் கிரியாட்டினின் பார்ப்பதுண்டு. கர்ப்பமாக இருக்கக்கூடும் என்ற சந்தேகம் இருந்தாலும் வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். மருந்து ஏறும்போது கையில் ஜில்லென்று ஓடும், வாயில் ஒரு மாதிரி உலோகச் சுவை வரும், உடனே போய்விடும். பால் கொடுக்கும் தாய் பாலைப் பீய்ச்சிக் கொட்ட வேண்டியதில்லை. பாலில் சேரும் அளவு மிகமிகச் சொற்பம்.

நகையைக் கழற்றச் சொல்லும்போது நம் ஊரில் தாலியில் வந்து பேச்சு நிற்கும். பொன்னைக் காந்தம் இழுக்காதுதான். ஆனால் தாலிக்கொடியில் அவசரத்துக்கு உதவும் என்று கோத்து வைத்திருக்கும் ஊக்குகளை இழுக்கும். தங்கமே ஆனாலும் நெஞ்சுக்கு நேராகக் கிடந்தால் படம் கெடும், சூடேறவும் கூடும். கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது என்று நினைப்பவர்கள் அன்றைக்கு மட்டும் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளலாம். முறுக்கிக்கொண்ட மூக்குத்தியையும் இறுகிய மெட்டியையும் முந்தின நாளே வீட்டில் கழற்றிவிடுவது புத்திசாலித்தனம். பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி, மூளை ரத்தக்குழாய்க்குப் போட்ட க்ளிப் இருந்தால் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 1.5 டெஸ்லா காந்தம் பூமியின் புலத்தைவிட ஏறக்குறைய 30,000 மடங்கு வலுவானது, ஸ்கேன் நடக்காதபோதும் அணைவதில்லை. 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில், நோயாளிக்காக ஆக்சிஜன் சிலிண்டரை எம்.ஆர்.ஐ. அறைக்குள் எடுத்துப்போன உறவினர் உயிரிழந்தார். துணைக்கு வருபவருக்கும் விதி ஒன்றுதான்.

ரிப்போர்ட்டில் பைராட்ஸ் என்று ஒரு எண் இருக்கும். 1, 2 என்றால் கவலையில்லை. 3 என்றால் பெரும்பாலும் சில மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். 4, 5 என்றால் பயாப்சி, அதாவது ஊசியால் திசுவை எடுத்துச் சோதிப்பது. இங்கேதான் பலர் நொறுங்கிப்போகிறார்கள், அது தேவையில்லை என்று நினைக்கிறேன். எம்.ஆர்.ஐ. அதிகம் கோட்டை விடாத கண், ஆனால் ஆளை அடையாளம் சொல்வதில் அவ்வளவு கெட்டி அல்ல. நார்க்கட்டி, வீக்கம், ஹார்மோன் மாற்றம் எல்லாம்கூட ஒளிரும். எம்.ஆர்.ஐ.யில் மட்டும் தெரிந்து பயாப்சிக்குப் போகும் இடங்களில் பெரும்பாலானவை புற்றல்ல.

ஆனால் உடனே ஊசியால் திசுவை எடுத்துவிட மாட்டார்கள். படம் காட்டிய இடத்தை அல்ட்ராசவுண்டில் மறுபடி தேடுவார்கள். அகப்பட்டால் அதை வைத்தே எடுப்பது சுலபம். அகப்படாவிட்டால்தான் எம்.ஆர்.ஐ. வழி பயாப்சி. இந்த வசதி எல்லா ஸ்கேன் சென்டரிலும் இருக்காது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்னதாகச் சொல்ல வேண்டும், தாமாக நிறுத்தக் கூடாது.

மறுபடியும் அதே குப்புறப் படுக்கை. இந்த முறை மார்பகத்தைக் கட்டம் போட்ட தட்டு ஒன்று பக்கவாட்டில் பிடித்திருக்கும். மருந்து ஏற்றி, படம் எடுத்து, எந்தக் கட்டம், எவ்வளவு ஆழம் என்று கணக்கிடுவார்கள். கணக்குக்கு அடையாளமாகப் பல இடங்களில் வைப்பது ஒரு வைட்டமின் ஈ மாத்திரை. அதன் எண்ணெய் படத்தில் வெள்ளையாகத் தெரியும்! மேசையை வெளியே இழுத்து, பல் டாக்டர் போடும் அதே லிக்னோகெய்ன் ஊசியைப் போடுவார்கள். அந்தச் சுருக்கென்ற எரிச்சல்தான் அநேகமாக முழு வேலையிலும் பெரிய வலி. பிறகு ஒரு குழாயைச் செருகி, மறுபடி உள்ளே அனுப்பி, சரியான இடம்தானா என்று பார்த்து, காந்தம் இழுக்காத ஊசியால் திசுவை உறிஞ்சி எடுப்பார்கள். ஊசி ஏறக்குறைய நாலு மில்லிமீட்டர் தடிமன். அழுத்தமும் இயந்திரத்தின் உறுமலும் தெரியும், கூர்மையான வலி தெரிந்தால் சொல்லுங்கள், இன்னும் மருந்து போடுவார்கள். தையல் இல்லை. ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். சிலருக்கு அன்றைக்குப் பார்த்தால் அந்த ஒளிர்ந்த இடமே காணாமல் போயிருக்கும். அப்போது பயாப்சியை நிறுத்திவிட்டு, சில மாதத்தில் மறு ஸ்கேனுக்கு வரச் சொல்வார்கள்.

ஊசி பட்டால் புற்று பரவிவிடும் என்ற பயம் நம்மிடையே ஆழமாக இருக்கிறது. ஊசி போன வழியில் ஓரிரு உயிரணு இடம்பெயர்வது நடக்கக்கூடியதுதான். அதனால் ஆயுள் குறைந்தது என்பதற்குச் சான்று இல்லை. என்ன வகை, ஹார்மோனுக்கு அடங்குமா, ஹெர்2 என்ற புரதம் மிகுந்ததா என்று தெரியாமல் கட்டியை நேரே வெட்டி எடுப்பதில்தான் உண்மையான ஆபத்து. கீமோவை முதலில் கொடுத்திருக்க வேண்டிய ஆளாக இருந்தால் அந்த வாய்ப்பே போய்விடும்.

வீட்டுக்கு வந்து ஐஸ் ஒத்தடம், ஓரிரு நாள் தண்ணீர்க் குடம், சிலிண்டர் தூக்காமல் இருப்பது, அவ்வளவுதான். ரத்தக்கட்டு நீலம் பாரித்துச் சில நாளில் மங்கும். முடிவு வரச் சில நாளாகும். புற்றில்லை என்று வந்தாலும், படத்தில் கண்டதற்கும் திசுவில் கண்டதற்கும் பொருத்தம் இருக்கிறதா என்று ரேடியாலஜிஸ்ட் ஒப்பிட வேண்டும். பொருந்தாவிட்டால் மறுபடி எடுப்பார்கள். அந்த ஒப்பீடு நடந்ததா என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு.

திசு எடுத்த இடத்தில் எள்ளளவு டைட்டானியம் க்ளிப் ஒன்றை விட்டுவைப்பார்கள். பின்னால் அறுவை தேவைப்பட்டால் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க அதுதான் வழி. வலிக்காது, அடுத்த எம்.ஆர்.ஐ.க்குத் தடையில்லை, விமான நிலையத்திலும் கத்தாது. அடுத்த முறை மேமோகிராம் எடுக்கும்போது மட்டும் க்ளிப் இருக்கிறது என்று சொல்லி, பழைய படங்களின் சி.டி.யையும் கையோடு கொண்டுபோங்கள்.