போல் பொசிஷன், 2 விபத்து, 0 புள்ளி: ஒரே வார இறுதியில் பெட்ரோ அகோஸ்டாவுக்கு நடந்தது என்ன?

சனிக்கிழமை காலையில் மைதானத்திலேயே வேகமான ஆள் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை மாலை கணக்குப் பார்த்தால் கையில் ஒரு புள்ளிகூட இல்லை. 2024 அக்டோபர் 4 முதல் 6 வரை ஜப்பானின் மொடேகி சர்க்யூட்டில் நடந்த மோட்டோஜிபி பந்தயத்தில், 20 வயது ஸ்பெயின் வீரர் பெட்ரோ அகோஸ்டாவுக்கு நடந்தது இது.

இவ்வளவு வேகம் இருந்தும் எப்படி வெறுங்கையோடு திரும்ப முடியும்? அதைப் புரிந்துகொள்ள, ஒரு பைக் ரேஸ் வார இறுதி எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

யார் இந்த அகோஸ்டா?

ஸ்பெயினின் முர்சியா பகுதியில் உள்ள கடலோர ஊர் மஸார்ரோன். அங்கே ஒரு மீனவர் குடும்பத்தில் 2004 மே மாதம் பிறந்தவர் அகோஸ்டா. ரசிகர்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர், 'மஸார்ரோனின் சுறா'.

2021-ல் மோட்டோ3 பிரிவில் அறிமுகமான சீசனிலேயே உலக சாம்பியன். அந்த ஆண்டு தோஹா பந்தயத்தில், அபராதம் காரணமாக எல்லோருக்கும் பின்னால் பிட் லேனில் இருந்து புறப்பட்டு, முதலிடத்தில் முடித்தபோது அவருக்கு வயது 16. 2023-ல் மோட்டோ2 சாம்பியன். இந்திய ரசிகர்களுக்கும் இவர் புதியவர் அல்ல: 2023 செப்டம்பரில் கிரேட்டர் நொய்டாவின் புத் சர்க்யூட்டில் நடந்த மோட்டோ2 பந்தயத்தில் ஜெயித்தவர் இவர்தான்.

2024-ல் மோட்டோஜிபிக்கு வந்தார். ஓட்டியது கேடிஎம் தயாரித்த பைக். அணியின் பெயர் கேஸ்கேஸ் டெக்3. இரண்டாவது பந்தயத்திலேயே போர்ச்சுகலில் 3-வது இடம். மொடேகிக்கு முந்தைய வாரம் இந்தோனேசியாவில் 2-வது இடம். அடுத்து முதல் வெற்றிதான் என்று எல்லோரும் எதிர்பார்த்த நேரத்தில்தான் ஜப்பான் வந்தது.

வார இறுதியில் என்னென்ன நடக்கும்?

வெள்ளிக்கிழமை பயிற்சி. அன்று மதியப் பயிற்சியில் முதல் 10 இடத்துக்குள் வருபவர்கள் நேராக இரண்டாம் கட்ட தகுதிச் சுற்றுக்குப் போய்விடுவார்கள். மற்றவர்கள் சனிக்கிழமை காலை முதல் கட்டத்தில் மோத வேண்டும். அதில் இரண்டு பேருக்கு மட்டுமே மேலே இடம். கடைசி 15 நிமிடத்தில் யார் வேகமான ஒரு சுற்றைப் போடுகிறாரோ, அவருக்கு போல் பொசிஷன், அதாவது முதல் இடத்தில் நின்று புறப்படும் உரிமை.

2023 முதல் வார இறுதிக்கு இரண்டு ரேஸ். சனிக்கிழமை மதியம் பாதித் தூரத்துக்கு ஸ்பிரின்ட். ஞாயிற்றுக்கிழமை முழு ரேஸ். மொடேகியில் இது 12 சுற்று, 24 சுற்று.

ஸ்பிரின்ட்டில் ஜெயித்தால் 12 புள்ளி, முதல் 9 பேருக்கு மட்டும் புள்ளி உண்டு. ஞாயிறு ஜெயித்தால் 25 புள்ளி, முதல் 15 பேருக்குப் புள்ளி. ஆக, ஒரு வார இறுதியில் அதிகபட்சம் 37. போல் பொசிஷனுக்கு எத்தனை புள்ளி? பூஜ்ஜியம்.

சனி காலை: அதிர்ஷ்டம் கூடவே இருந்தது

தகுதிச் சுற்றில் அகோஸ்டா போட்ட நேரம் 1 நிமிடம் 43.018 விநாடி. மார்க் மார்க்கெஸ் அதைவிட வேகமாக ஒரு சுற்று முடித்தார். ஆனால் பாதையின் எல்லைக்கோட்டைத் தாண்டியதால் அந்தச் சுற்று ரத்தானது. போல் அகோஸ்டா வசம் வந்தது. மோட்டோஜிபியில் அவருக்கு அதுதான் முதல் போல். நடப்பு சாம்பியன் ஃபிரான்செஸ்கோ பான்யாயா 2-வது இடத்தில்.

சனி மதியம், ஞாயிறு மதியம்: இரண்டு முறையும் மண்

ஸ்பிரின்ட்டில் அகோஸ்டா முன்னணியில் போய்க்கொண்டிருந்தார். இன்னும் சில சுற்றுகள் தாக்குப்பிடித்தால் முதல் வெற்றி. அப்போது விழுந்தார். பின்னால் வந்த பான்யாயா ஜெயித்தார்.

ஞாயிறு மீண்டும் அதே முதல் இடத்தில் இருந்து புறப்பட்டார். இந்த முறை பான்யாயா முன்னே போய்விட, அகோஸ்டா 2-வது இடத்தில் துரத்தினார். தொடக்கச் சுற்றுகளிலேயே மறுபடியும் விழுந்தார். கதை முடிந்தது.

நல்ல ரைடர் ஏன் விழுகிறார்?

மோட்டோஜிபியில் பெரும்பாலான விபத்துகள் இன்னொருவர் இடித்து நடப்பவை அல்ல. முன்சக்கரம் பிடியை இழப்பதுதான் வழக்கமான காரணம்.

வளைவில் பைக் 60 டிகிரிக்கும் மேல் சாய்கிறது. அந்த நேரத்தில் டயர் தரையைத் தொடும் பரப்பு உள்ளங்கை அளவுகூட இருக்காது. வேகமான ரைடர் வளைவுக்குள் நுழையும்போதும் பிரேக்கை முழுதாக விடமாட்டார். அங்கேதான் நேரத்தை மிச்சம் பிடிக்க முடியும். சாயவும் வேண்டும், வேகத்தைக் குறைக்கவும் வேண்டும். இரண்டு வேலையையும் அந்தச் சின்னப் பரப்புதான் செய்கிறது. கொஞ்சம் கூடிப்போனால் முன்சக்கரம் வழுக்கும். சரிசெய்ய அவகாசம் இருக்காது.

மொடேகி இதற்கு இன்னும் கடினமான இடம். 4.8 கிலோமீட்டர் பாதையில் முழு வேகம், உடனே பலமான பிரேக், மறுபடியும் முழு வேகம் என்றே போக வேண்டியிருக்கும். பிரேக்குகளுக்கு இது பெரிய சோதனை.

அப்போ, மெதுவாகப் போயிருக்கலாமா?

கேட்க சுலபம். போல் வாங்கித் தந்ததும் அதே தைரியம்தான், கீழே தள்ளியதும் அதே தைரியம்தான். 2024 சீசனில் அதிகம் விழுந்த வீரர்கள் பட்டியலில் முதலிடம் அகோஸ்டாவுக்குத்தான்.

ஆனால் விழுவது மட்டுமே பிரச்சினை என்று சொல்லிவிட முடியாது. 2017-ல் மார்க் மார்க்கெஸ் 27 முறை விழுந்தார். அந்த ஆண்டு உலக சாம்பியனும் அவர்தான். வித்தியாசம் என்னவென்றால், அவர் விழுந்ததில் பெரும்பகுதி பயிற்சியிலும் தகுதிச் சுற்றிலும். ரேஸில் விழுந்து வெளியேறியது அர்ஜென்டினாவிலும் பிரான்ஸிலும் மட்டும்தான். எல்லை எங்கே இருக்கிறது என்று வெள்ளிக்கிழமை விழுந்து தெரிந்துகொண்டால், சேதம் பைக்குக்கு மட்டும். ஞாயிறு விழுந்து தெரிந்துகொண்டால் புள்ளிப் பட்டியலும் சேர்ந்து அடிவாங்கும்.

பூஜ்ஜியத்தின் விலை என்ன?

அதே மொடேகியில் பான்யாயா இரண்டு ரேஸையும் ஜெயித்து 37 புள்ளியும் அள்ளினார். தகுதிச் சுற்றில் விழுந்து 11-வது இடத்தில் இருந்து புறப்பட்ட ஹோர்ஹே மார்ட்டின், ஸ்பிரின்ட்டில் 4-வது, ஞாயிறு 2-வது என்று முடித்து 26 புள்ளி எடுத்தார். சனிக்கிழமை காலை தலையில் கைவைத்த மார்ட்டின் சேதத்தைக் குறைத்துக்கொண்டார். போல் எடுத்த அகோஸ்டா எல்லாவற்றையும் இழந்தார். அந்த சீசனில் மார்ட்டின்தான் சாம்பியன் ஆனார், வெறும் 10 புள்ளி வித்தியாசத்தில்.

அகோஸ்டாவின் கணக்கு இன்னும் வலிக்கும். சீசன் முடிவில் அவர் 215 புள்ளியோடு 6-வது இடம். 5-வது இடத்தில் இருந்த பிராட் பைண்டருக்கு 217. இடைவெளி 2 புள்ளி. பைண்டர் ஓட்டியதும் கேடிஎம் பைக்தான். மொடேகி ஞாயிறு ரேஸில் விழாமல், 13-வது இடத்தில் முடித்திருந்தாலே 3 புள்ளி கிடைத்திருக்கும். கேடிஎம் பைக்குகளில் முதல் ஆளாக சீசனை முடித்திருப்பார்.

அடுத்து என்ன ஆனது?

சோதனை மொடேகியோடு நிற்கவில்லை. அடுத்து ஆஸ்திரேலியாவின் ஃபிலிப் தீவு. அங்கேயும் ஸ்பிரின்ட்டில் விழுந்தார். தோள்பட்டையில் காயம் பட்டு ஞாயிறு ரேஸில் ஓட முடியவில்லை.

ஒரு வாரம் கழித்து தாய்லாந்து. மழையில் நனைந்த பாதையில் பாதுகாப்பாக ஓட்ட எல்லாக் காரணங்களும் இருந்தன. அகோஸ்டா ஞாயிறு ரேஸை முழுதாக முடித்தார், அதுவும் 3-வது இடத்தில். 16 புள்ளி. மொடேகியில் இரண்டு நாள் முன்வரிசையில் இருந்தும் கிடைக்காதது, இங்கே கொடி அசையும் வரை பைக் மேல் இருந்ததால் கிடைத்தது. அடுத்த ஆண்டு கேடிஎம்மின் முதன்மை அணியில், பைண்டரின் பக்கத்திலேயே அவருக்கு இடம் காத்திருந்தது.