கண்டெய்னர் வாங்கப் போகிறீர்களா? முதலில் அதன் எண்ணைக் கேளுங்கள்

நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடை, கட்டட வேலை நடக்கும் இடத்தில் இன்ஜினீயரின் அறை, தென்னந்தோப்புக்குள் உரமூட்டை அடுக்கும் கிடங்கு என்று பழைய கப்பல் கண்டெய்னர்கள் இப்போது தமிழ்நாடு முழுக்கத் தென்படுகின்றன. கொத்தனார், சித்தாள் வேண்டாம். காலையில் இறக்கினால் மாலையில் கடை திறக்கலாம். இடம் மாறினால் கிரேன் வைத்துத் தூக்கிக்கொண்டு போகலாம். சிறு வியாபாரிகளுக்கும் விவசாயிகளுக்கும் இது நல்ல வழிதான்.

ஆனால் வாங்குகிறவர்களில் பலர் பெயிண்டையும் விலையையும் மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பெட்டி யாருடையது, எந்த ஆண்டு செய்தது, சுங்க வரி கட்டியதா, அதற்குள் என்ன சரக்கு வந்தது என்று கேட்பதில்லை. இத்தனை கேள்விக்கும் பதில் தேடிப்போக வழிகாட்டுவது பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எண். அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குகிறவரை ஏமாற்றுவது கடினம்.

எது உண்மையான கண்டெய்னர்?

கப்பலில் வரும் பெட்டிக்கு உலகம் முழுவதும் ஒரே அளவு. 20 அடிப் பெட்டி 8 அடி அகலம், 8 அடி 6 அங்குல உயரம். காலியாக இருக்கும்போது எடை சுமார் 2,200 கிலோ. 40 அடிப் பெட்டி அதே அகலம். எடை 3,700 கிலோவுக்கு மேல். 'ஹை க்யூப்' என்று சொல்லப்படுவது ஓர் அடி கூடுதல் உயரம் கொண்டது. ஆட்கள் தங்கவோ அலுவலகம் வைக்கவோ நினைப்பவர்களுக்கு அதுவே வசதி. சுவர், துருவைத் தாங்கும் 'கார்ட்டன்' எஃகுத் தகடு. தரை 28 மில்லிமீட்டர் பிளைவுட்.

உள்ளூர்ப் பட்டறையில் மெல்லிய தகடும் ஆங்கிளும் வைத்துச் செய்யும் கேபின்களையும் 'கண்டெய்னர்' என்றே விற்கிறார்கள். கேபின் வாங்குவதில் தவறில்லை. கண்டெய்னர் விலைக்குக் கேபினை வாங்குவதுதான் நஷ்டம். வித்தியாசம் காண எளிய வழி உண்டு. கப்பல் கண்டெய்னரின் எட்டு மூலைகளிலும் ஓட்டை வைத்த கனமான வார்ப்பு எஃகுக் கட்டிகள் இருக்கும். கிரேன் கொக்கி மாட்டுவதும், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பூட்டுவதும் அவற்றில்தான். அவை இல்லையென்றால் அது கப்பல் ஏறிய பெட்டி அல்ல.

எண்ணும் தகடும்

கதவின் வலது மேல்பக்கத்தில் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் இருக்கும். முதல் மூன்று எழுத்துகள் உரிமையாளர் நிறுவனத்தின் குறியீடு. நான்காவது எழுத்து பெரும்பாலும் 'யூ'. சரக்குப் பெட்டி என்பதன் அடையாளம். அடுத்த ஆறு இலக்கங்கள் வரிசை எண். கடைசியாக, கட்டம் கட்டிய ஓர் இலக்கம் இருக்கும். முன்னால் உள்ள எழுத்துகளையும் எண்களையும் வைத்துக் கணக்கிட்டால் அந்த இலக்கம் வரவேண்டும். இஷ்டத்துக்கு எழுதிய போலி எண்ணில் பெரும்பாலும் இந்தக் கணக்கு இடிக்கும். இணையத்தில் எண்ணைத் தட்டினாலே சரிபார்த்துச் சொல்லும் தளங்கள் உள்ளன. உரிமையாளர் குறியீடுகளைப் பதிவு செய்வது பாரிஸில் உள்ள சர்வதேச கண்டெய்னர் அமைப்பு.

இடது கதவில் ஓர் உலோகத் தகடு ஆணியடித்திருக்கும். 1972-ஆம் ஆண்டின் கண்டெய்னர் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தப்படி பொருத்தும் தகடு அது. 'சி.எஸ்.சி. பிளேட்' என்று யார்டில் கேட்டால் காட்டுவார்கள். தயாரித்த மாதம், ஆண்டு, எவ்வளவு எடை தாங்கும் என்பதெல்லாம் அதில் பொறித்திருக்கும். கதவில் எழுதிய எண், உள்சுவரில் எழுதிய எண், விற்பவர் தரும் பில்லில் உள்ள எண் ஆகியவை ஒத்துப்போக வேண்டும்; தகட்டில் பெட்டியின் எண் இருந்தால் அதுவும் ஒத்துப்போக வேண்டும். தகடு கழற்றப்பட்டிருந்தால் காரணம் கேளுங்கள். கடைக்கோ கிடங்குக்கோ தகடில்லாத பெட்டி போதும். ஆனால் அதில் சரக்கேற்றிக் கப்பலில் அனுப்ப முடியாது.

சுங்க வரி: பலர் அறியாத ஆபத்து

வெளிநாட்டுச் சரக்கோடு துறைமுகத்துக்கு வரும் கண்டெய்னருக்குச் சுங்க வரி விதிப்பதில்லை. ஆறு மாதத்துக்குள் திரும்ப வெளிநாட்டுக்குப் போய்விட வேண்டும் என்ற நிபந்தனையில், சுங்க அறிவிக்கைப்படி அந்தச் சலுகை தரப்படுகிறது. அந்தப் பெட்டியை இங்கேயே விற்க வேண்டுமானால் சுங்கத்துறையில் 'பில் ஆஃப் என்ட்ரி' தாக்கல் செய்து வரி கட்டியாக வேண்டும். வரி கட்டாமல் விற்ற பெட்டியைச் சுங்கச் சட்டம் 1962-இன் 111-ஆம் பிரிவின்படி அதிகாரிகள் பறிமுதல் செய்யலாம். விற்றவர் பணத்தோடு போயிருப்பார். பெட்டி இருப்பது உங்கள் தோட்டத்தில்.

அதனால் மூன்று காகிதம் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்:

- கண்டெய்னர் எண் குறிப்பிட்ட ஜி.எஸ்.டி. பில். 'பழைய இரும்பு' என்று மொட்டையாக எழுதிய பில் எதற்கும் உதவாது.
- சுங்க வரி கட்டியதற்கான பில் ஆஃப் என்ட்ரி நகல். அதிலும் உங்கள் பெட்டியின் எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஏலத்தில் எடுத்த பெட்டியானால் ஏல உத்தரவும் டெலிவரி ஆர்டரும்.
- கப்பல் நிறுவனத்திடமிருந்தோ குத்தகை நிறுவனத்திடமிருந்தோ விற்பவர் வாங்கியதற்கான விற்பனைச் சான்று.

கரை ஒதுங்கும் பெட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 மே மாதம் கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் மூழ்கியபோது கண்டெய்னர்கள் கரை சேர்ந்தன. அக்கப்பலில் கால்சியம் கார்பைடு ஏற்றிய பெட்டிகளும் இருந்தன. அது தண்ணீர் பட்டால் தீப்பற்றும் வாயுவை வெளியிடும். கரை ஒதுங்கிய பெட்டி எடுத்தவருக்குச் சொந்தமாகாது. தொடாமல் விலகி நின்று அவசர உதவி எண் 112-க்குச் சொல்லுங்கள்.

யார்டில் நின்று பார்க்க வேண்டியவை

மணலி, மாதவரம், தூத்துக்குடி என எந்த யார்டாக இருந்தாலும் பகல் வெளிச்சத்தில் போங்கள். கூட ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் உள்ளே நிற்க, அவர் வெளியிலிருந்து இரண்டு கதவையும் சாத்தட்டும். கண் இருட்டுக்குப் பழகியதும் கூரையையும் சுவர்களையும் தரை ஓரங்களையும் மெல்லச் சுற்றிப் பாருங்கள். ஊசிமுனை அளவு ஒளி தெரிந்தாலும் அந்த வழியாக மழைத்தண்ணீர் வரும். கதவின் ரப்பர் பட்டையைச் சுற்றி வெளிச்சம் கோடு போட்டால் ரப்பர் போய்விட்டது என்று பொருள். இந்தச் சோதனையைத் தனியாகச் செய்யவே கூடாது. கண்டெய்னர் கதவை உள்ளிருந்து திறக்க முடியாது.

மேல்துரு அதிகம் பயப்பட வேண்டியதல்ல. தகடு உதிர்கிறதா என்பதுதான் கேள்வி. கதவின் அடிச்சட்டம், கீழ்ப்பக்க நீளச் சட்டங்கள், தரைக்கு அடியில் குறுக்கே ஓடும் எஃகு ஆகியவற்றைச் சுத்தியலால் தட்டுங்கள். மந்தமான ஓசையோடு செதில் உதிர்ந்தால் வேண்டாம். மூலைத் தூண் வளைந்திருந்தாலும் வேண்டாம். பெட்டியின் பாரத்தில் பெரும்பகுதி அதில்தான் இறங்குகிறது. கதவு இரண்டும் ஒரே ஆள் இழுத்தால் திறக்க வேண்டும். புதுப் பெயிண்ட் அடித்த பெட்டியை இரண்டு மடங்கு கவனத்தோடு பாருங்கள்.

உள்ளே என்ன வந்தது?

கண்டெய்னரின் மரத்தரை பெரும்பாலும் பூச்சிமருந்து ஏற்றப்பட்டது. என்ன மருந்து, எந்த ஆண்டு என்பது கதவுத் தகட்டிலேயே இருக்கும். சரக்கைப் பூச்சி தாக்காமலிருக்க மெத்தில் புரோமைடு, பாஸ்பீன் போன்ற நச்சு வாயுக்களையும் உள்ளே செலுத்துவார்கள். சிந்திய ரசாயனம் பலகையில் ஊறிக் கிடக்கலாம். சென்னை மணலியில் 2015-இல் பறிமுதலான அமோனியம் நைட்ரேட் 37 கண்டெய்னர்களில் கிடந்தது. 2020-இல் பெய்ரூட்டில் இதே ரசாயனம் வெடித்த பிறகே அதை அகற்றினார்கள். பெட்டிக்குள் எது வேண்டுமானாலும் இருந்திருக்கலாம் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது.

ஆகவே கண்ணைக் கரிக்கும் வாசனையோ எண்ணெய்க் கறையோ உள்ள பெட்டியை வாங்க வேண்டாம். வாங்கிய பெட்டியைக் கதவு திறந்து பல நாள் காற்றோட்டமாக விடுங்கள். ஆட்கள் இருக்கவோ உணவுப்பொருள் வைக்கவோ போவதானால் பழைய பலகையை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவது நல்லது. முடியாவிட்டால் எபாக்சி பூச்சு அடித்து மேலே வினைல் விரியுங்கள். பழைய கப்பல் பெயிண்டில் ஈயமோ குரோமேட்டோ இருக்கலாம். வெல்டிங் செய்பவர், கிரைண்டர் பிடிப்பவர் இருவருக்கும் முகக்கவசம் கட்டாயம். வேலை திறந்தவெளியில் நடக்கட்டும்.

இறக்குவதும் நிறுத்துவதும்

டிரெய்லர் மேல் ஏறிய கண்டெய்னரின் உச்சி தரையிலிருந்து 4 மீட்டருக்கு மேல் இருக்கும். தெருவில் தாழத் தொங்கும் மின்கம்பியில் கண்டெய்னரோ கிரேன் கையோ பட்டால் உயிர் போகும். வண்டி வருமுன் வழியை நடந்து பாருங்கள். கம்பி தாழ்வாக இருந்தால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகே வேலை நடக்கட்டும்.

பெட்டியை மண்ணில் நேரடியாக வைக்காதீர்கள். நான்கு மூலைக்கும் கான்கிரீட் மேடை போட்டு, ரசமட்டம் பார்த்து இறக்குங்கள். ஒரு மூலை அரை அங்குலம் தாழ்ந்தாலும் கதவு சிக்கும்.

வெள்ளம் வரும் பகுதியில் இன்னும் கவனம் வேண்டும். 20 அடிப் பெட்டியின் எடை 2,200 கிலோ, அடிப்பரப்பு ஏறக்குறைய 14.8 சதுர மீட்டர். உள்ளே நீர் புகாத காலிப் பெட்டியாக இருந்தால், தரைப்பலகைக்கு மேல் அரையடித் தண்ணீர் ஏறினாலே அது மிதக்கத் தொடங்கும். 2023 டிசம்பரில் சென்னையும் தூத்துக்குடியும் கண்ட வெள்ளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூலைக் கட்டிகளை மேடையில் பதித்த எஃகுத் தகட்டோடு பற்றவைத்துவிடுவதே பாதுகாப்பு.

சுவரை வெட்டி ஜன்னலும் ஷட்டரும் வைப்பவர்கள், வெட்டிய இடத்தைச் சுற்றி எஃகுச் சட்டம் கொடுக்க வேண்டும். நெளிவுத் தகட்டுச் சுவரும் பாரத்தில் பங்கு தாங்குகிறது. பெட்டியை மண்ணுக்குள் புதைத்து நிலவறையாக்கும் யோசனை கூடவே கூடாது. பக்கவாட்டில் மண் நெருக்கினால் சுவர் உள்ளே மடங்கிவிடும்.

பெட்டி முழுவதும் இரும்பு. மின்கசிவு வந்தால் தொட்ட இடமெல்லாம் ஷாக். தனி எர்த் குழியும், கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் மின்இணைப்பு கொடுக்காதீர்கள். ஆட்கள் புழங்கும் பெட்டிக்கு உள்ளிருந்து திறக்கும் இரண்டாவது கதவு வேண்டும். காலியாகக் கிடக்கும் பெட்டியைப் பூட்டியே வையுங்கள். விளையாட்டாக உள்ளே போகும் குழந்தைகள் காற்றும் வெளிச்சமும் இல்லாமல் வெயிலில் கொதிக்கும் பெட்டிக்குள் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

சொந்த மனையானாலும் கண்டெய்னர் வைக்க அனுமதி தேவையா என்று ஊராட்சி, நகராட்சி அல்லது மாநகராட்சி அலுவலகத்தில் எழுதிக் கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள். உணவுக் கடையானால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் தேவை. புறம்போக்கில் வைத்த பெட்டியை எப்போது வேண்டுமானாலும் அகற்றலாம்.

ஆண்டுக்கு ஒரு முறை

வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில், ஒரு நாள் ஒதுக்குங்கள். துரு பிடித்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துத்தநாக பிரைமர் அடித்து, பிறகு பெயிண்ட் பூசுங்கள். கார்ட்டன் எஃகுக்குப் பெயிண்டே வேண்டாம் என்று சொல்வதைக் கடலோர ஊர்களில் நம்ப வேண்டாம். உப்புக்காற்று அதையும் அரிக்கும். கூரையில் தேங்கும் தண்ணீரையும் சருகையும் அகற்றுங்கள். கீல்களுக்கும் பூட்டுக் கம்பிகளுக்கும் கிரீஸ் வையுங்கள். ரப்பர் பட்டையைத் துடைத்து, விரிசல் கண்டால் மாற்றுங்கள். சுவரின் மேல்பகுதியில் உள்ள சிறு காற்றுத் துளைகளை அடைக்காதீர்கள். அவை அடைபட்டால் இரவில் கூரையின் உள்பக்கம் நீர் வியர்த்து மூட்டைகளில் சொட்டும்.

ஏமாந்துவிட்டால்?

விளம்பரத்தைப் பார்த்து முன்பணம் அனுப்பி, விற்றவரின் போன் 'சுவிட்ச் ஆஃப்' ஆகிவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வங்கியில் நிறுத்திவைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவின்படி மோசடிப் புகாரும் கொடுக்கலாம்.

சொன்னது ஒன்று, வந்தது ஒன்று என்றால் சரக்கு விற்பனைச் சட்டம் 1930 உங்கள் பக்கம். விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்க வேண்டும் என்பதும், சொன்ன விவரப்படி பொருள் இருக்க வேண்டும் என்பதும் அச்சட்டம் வைக்கும் நிபந்தனைகள்.

'தொழிலுக்கு வாங்கினால் நுகர்வோர் அல்ல' என்று சொல்லி விரட்டுவார்கள். அது முழு உண்மை அல்ல. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக ஒருவர் தானே பயன்படுத்த வாங்கும் பொருளுக்கு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 அவரை நுகர்வோராகவே ஏற்கிறது. முதலில் 1915 உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். இலவசச் சட்ட உதவிக்கு 15100.

இந்த வழிகள் எல்லாம் பலிக்க, பெட்டியின் எண் உள்ள பில் கையில் இருக்க வேண்டும். எண்ணைப் போட்டோ எடுங்கள், பில்லில் எழுதச் சொல்லுங்கள், பணத்தை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். எண்ணை எழுதித் தரத் தயங்குகிற விற்பனையாளரிடம், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.