படுக்கும் நேரத்தைக் குறையுங்கள், தூக்கம் கூடும்

புதுச்சேரியில் பிள்ளைகளைப் பிரான்ஸுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் பெற்றோர் நிறைய பேர். பாரீஸில் வேலை முடிந்து, சாப்பிட்டு, மகன் இரவு 9 மணிக்கு வீடியோவில் கூப்பிட்டால் இங்கே கோடையில் நள்ளிரவு 12.30, குளிர்காலத்தில் 1.30. பேத்தியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் படுக்கிற பாட்டிக்கு உடனே தூக்கம் பிடிக்காது. மறுநாள் மதியம் சாப்பிட்டதும் இரண்டு மணி நேரம் அசந்துவிடுவார். இரவில் மறுபடியும் புரண்டு புரண்டு படுப்பார். மருத்துவரிடம் போய், "எனக்குத் தூக்கமே இல்லை" என்பார்.

எது நோய்?

நேரம் மாறிப்போவதை மட்டும் வைத்துத் தூக்கமின்மை என்று சொல்லிவிட முடியாது. வீராம்பட்டினத்து மீனவர் இருட்டோடு எழுந்து கடலுக்குப் போகிறார். சீக்கிரம் படுத்துவிடுவதால் அவருக்குக் குறையில்லை. படுத்தும் தூக்கம் வராமை, நடுவில் விழித்தால் மறுபடி தூங்க முடியாமை, விடியுமுன்பே விழிப்புத் தட்டிவிடுதல் ஆகிய மூன்றில் ஒன்று வாரத்தில் 3 இரவாவது இருந்து, 3 மாதம் நீடித்து, பகலில் சோர்வும் எரிச்சலும் மறதியுமாகத் தொல்லை கொடுத்தால்தான் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். வயதான ஒருவர் ஆறு மணி நேரம் தூங்கிவிட்டுப் பகலில் தெம்பாக இருந்தால், எட்டு மணி நேரக் கணக்கைச் சொல்லி அவரைப் பயமுறுத்த வேண்டியதில்லை.

எப்படி ஒட்டிக்கொள்கிறது?

தொடங்குவதற்கு ஏதோ ஒரு காரணம் இருக்கும். வீட்டில் ஒரு சாவு, மகளின் கல்யாணக் கடன், போன வேலை. 1898-இல் ரோடியர் மில்லாகத் தொடங்கிய புதுச்சேரி ஏ.எஃப்.டி. பஞ்சாலை 2020 ஏப்ரலில் மூடப்பட்டது. ஷிப்டு மாறி மாறி உழைத்துப் பழகிய உடம்பு, வேலை நின்றதும் எப்போது தூங்குவதென்று தடுமாறுவதில் வியப்பில்லை.

காரணம் தீர்ந்த பிறகும் தூக்கம் திரும்பாததுதான் புதிர். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது சேரச் சேரக் கண் சொக்கும். இழந்ததை ஈடுகட்ட எட்டரைக்கே படுப்பதும், மதியம் தூங்குவதும், விடிந்த பிறகும் எழாமல் கிடப்பதும் இந்தச் சேமிப்பைக் கரைத்துவிடுகின்றன. ராத்திரி தூக்கம் வராமல் கடிகாரத்தைப் பார்த்துக் கவலைப்பட்டுக் கவலைப்பட்டு, படுக்கை என்றாலே விழித்துக்கொள்ளும் இடம் என்று மூளை பழகிவிடுகிறது. நோயை வளர்ப்பது இந்தப் பழக்கம்தான்.

பாட்டிலும் மாத்திரையும்

பக்கத்துத் தமிழ்நாட்டிலிருந்து தேடி வந்து வாங்கும் அளவுக்கு இங்கே மது மலிவு. 'ஒரு பெக் போட்டால் நல்லா தூக்கம் வரும்' என்பவர் சொல்வதில் பாதி உண்மை. சீக்கிரம் தூக்கம் வரும். மது இறங்கியதும் அதிகாலை இரண்டு, மூன்று மணிக்கு விழிப்பும் வரும். தொண்டைத் தசைகள் தளர்வதால் குறட்டையும் கூடும். மாலை ஆறு மணிக் காபியும் சளைத்ததல்ல. பலருக்கு அதிலுள்ள காஃபீனில் பாதி இரவு பதினொன்றுக்கும் உடம்பில் இருக்கும்.

அடுத்தது அல்பிரசோலம், சோல்பிடெம் போன்ற மாத்திரைகள். 2014 மார்ச் முதல் இவை எச்1 பட்டியலில் இருக்கின்றன. மருத்துவர் சீட்டில்லாமல் மெடிக்கலில் கொடுக்கக் கூடாது. அக்கம்பக்கத்தார் தரும் மாத்திரையை வாங்கி விழுங்குவது அதைவிட மோசம். சில நாள் நெருக்கடிக்கு மருத்துவர் தருவது வேறு. மாதக்கணக்கில் தொடர்ந்தால் அளவு போதாமல் போகும், மறதி வரும், முதியவர்கள் இரவில் கழிப்பறைக்குப் போகும்போது விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வார்கள். ஏற்கெனவே நெடுநாளாகப் போடுபவர்கள் சட்டென்று நிறுத்தவும் கூடாது, வலிப்பு வரக்கூடும். மருத்துவர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

முதல் சிகிச்சை எது?

2016-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி, நாள்பட்ட தூக்கமின்மை உள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் மாத்திரைக்கு முன் நடத்தை சிகிச்சையைத்தான் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. வழக்கமாகச் சில வாரங்களில் முடிந்துவிடும் இந்தச் சிகிச்சையின் முக்கியப் பகுதி, கேட்பதற்கே விபரீதமாக இருக்கும்: படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைப்பது.

ஒருவர் இரவு 9 முதல் காலை 6 வரை படுத்து ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறார் என்று வையுங்கள். நள்ளிரவு 12-க்குப் படுத்து 5.30-க்கு எழச் சொல்வார்கள். முதல் வாரம் கொடுமையாகத்தான் இருக்கும். ஆனால் தூக்கம் செறிவாகும். படுத்த நேரத்தில் 85 சதவீதமாவது தூங்கத் தொடங்கியதும் கால் மணி நேரமாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். சுமார் இருபது நிமிடம் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறையில் மங்கிய வெளிச்சத்தில் உட்கார வேண்டும், கைபேசி இல்லாமல். எழும் நேரம் மட்டும் ஞாயிற்றுக்கிழமையும் மாறக் கூடாது. வலிப்பு, இருதுருவ மனநோய் உள்ளவர்கள், லாரி, பஸ் ஓட்டுபவர்கள் இதைத் தாமாகச் செய்து பார்க்கக் கூடாது.

உடல் கடிகாரத்தைச் சரிசெய்யக் காலை வெளிச்சத்துக்கு ஈடான மருந்தில்லை. நம் கடற்கரைச் சாலை கிழக்கு பார்த்தது. மாலை 6 முதல் காலை 7.30 வரை வண்டிகளும் கிடையாது. விடியலில் அரை மணி நேரம் நடக்க இதைவிட நல்ல இடம் எது?

எங்கே போவது?

குறட்டையும் நடுவில் மூச்சுத் திணறலும் இருந்தால் அது வேறு நோய். தூக்க மாத்திரை அதை மோசமாக்கக்கூடும். படுத்ததும் கால் குறுகுறுத்து ஆட்டத் தோன்றினால் இரும்புச்சத்தைச் சோதிக்க வேண்டும். தைராய்டு, சிறுநீர்த் தொல்லை, இரவில் போடும் நீர் மாத்திரை ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். மூன்று மணிக்கே விழித்து மனம் கனத்துக் கிடப்பது மனச்சோர்வின் அறிகுறியாக இருக்கலாம். கோரிமேடு ஜிப்மரிலும் இந்திரா காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. அங்கே போவதற்குக் கூச்சப்பட்டுத்தான் பலர் ஆண்டுக்கணக்கில் மாத்திரையோடு மல்லாடுகிறார்கள். நேரில் போகத் தயங்கினால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம். போகுமுன் இரண்டு வாரம், படுத்த நேரம், எழுந்த நேரம், காபி, மது, மாத்திரை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.